புகையைப் பிடித்து என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

ஆலைப் புகையிலிருந்து பிரித்தெடுத்த கார்பன் டை ஆக்சைடை எரிபொருளாகவும் ரசாயனமாகவும் மாற்றுவது பற்றி, இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் தொண்டி தொடங்கிச் சாயல்குடி வரையுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். கேட்டவர்களின் தொழிலும் ஊரும் மட்டும் கொடுத்திருக்கிறோம். பதில்களில் பழகிய பெயரான ‘கரியமில வாயு’வையே பயன்படுத்துகிறோம்.

விசைப்படகு உரிமையாளர், மண்டபம்: கரியமில வாயுவிலிருந்து டீசலே செய்யலாம் என்கிறார்கள். எங்கள் படகுப் புகையை நாங்களே பிடித்து டீசலாக்க முடியுமா? வேறு யாராவது செய்து விற்றால் என்ன விலை வரும்?

அடுப்பில் விறகு எரிந்தபின் மிஞ்சுவது சாம்பல். டீசல் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல்தான் கரியமில வாயு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. சாம்பலைத் திரும்ப விறகாக்க வேண்டுமானால், எரிந்தபோது வந்த வெப்பத்தையெல்லாம், அதற்கு மேலும், திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இந்தத் துறையில் வரும் எந்த அறிவிப்பைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது?’ என்பதே.

படகுக் கணக்கைப் பார்ப்போம். 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வரும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது. ஒரு நடைக்கு 300 லிட்டர் போட்டீர்கள் என்றால், கொண்டுபோன டீசல் 250 கிலோ. பிடிக்க வேண்டிய வாயு 800 கிலோ. அதை உறிஞ்சும் கரைசல், தொட்டி, பம்பு எல்லாம் தனி. மீனுக்குப் பதில் புகையைத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

கரையில் ஆலை வைத்துச் செய்தால்? டீசல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும். 1 கிலோ டீசல் உருவாக்க, வீணாவது எதுவும் இல்லையென்றே வைத்தாலும், 430 கிராம் ஹைட்ரஜன் வேண்டும். அதில் பாதிக்கு மேல் கரியமில வாயுவிலுள்ள ஆக்சிஜனைத் தண்ணீராக்கிக் கழற்றுவதற்கே போய்விடும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகும். லிட்டருக்குப் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு மட்டும் 18, 19 யூனிட். வாயுவைப் பிடிப்பது, அழுத்துவது, இடையில் வீணாவது எல்லாம் சேர்த்து 20 முதல் 25 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சக்தியோ 10 யூனிட்தான். யூனிட் 5 ரூபாய் என்றால் கரண்ட் செலவே 100 ரூபாயைத் தாண்டும். ஆலை முதலீடும் ஆள் கூலியும் அதற்கு மேல்.

கப்பல் நிறுவனங்கள் டீசலை விட்டு மெத்தனால் என்ற சாராய வகை எரிபொருளைப் பார்ப்பதற்குக் காரணம், அதைச் செய்வது சுலபம் என்பதே. ‘ஸ்டெனா ஜெர்மானிக்கா’ என்ற பயணிகள் கப்பல் 2015-இல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. ஆனால் அதை உங்கள் எஞ்சினில் அப்படியே ஊற்ற முடியாது. மெத்தனால் அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காது. கூடவே கொஞ்சம் டீசல் பாய்ச்சிக் கொளுத்த வேண்டும். எண்ணெய்ப் பசை இல்லாததால் இன்ஜெக்டரும் பம்பும் சீக்கிரம் தேயும். அலுமினியத்தையும் சில ரப்பர் வளையங்களையும் அரிக்கும். அதே தூரம் போக டேங்க் 2.3 மடங்கு பெரிதாக வேண்டும். வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2024-இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். ஜெட்டியில் கேனில் வைத்துப் புழங்கும் பொருள் அன்று.

விவசாயி, ஆர்.எஸ்.மங்கலம்: யூரியாவே கரியமில வாயுவில்தான் செய்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். உண்மையா?

உண்மை. அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்தால் யூரியா. 1 டன் யூரியாவுக்கு 730 கிலோ வாயு. உங்கள் 45 கிலோ மூட்டையில் 33 கிலோ கரியமில வாயு கட்டப்பட்டிருக்கிறது. உலகத்தில் இந்த வாயுவை மிக அதிகமாக வாங்கி உண்பது யூரியா ஆலைகள்தான். மெத்தனாலெல்லாம் பக்கத்தில் வர முடியாது.

பெரும்பாலும் அம்மோனியா செய்யும்போதே இந்த வாயு உபரியாகக் கிடைக்கும். நாஃப்தா என்ற பெட்ரோலிய எண்ணெயிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறிய ஆலைகளில் மட்டும் கொஞ்சம் பற்றாக்குறை வரும். எரிவாயுவில் கார்பன் குறைவு. அதை ஈடுகட்ட, உத்தரப் பிரதேசத்தின் ஆன்லா, பூல்பூர் உர ஆலைகள் 2006 முதலே தங்கள் சூளைப் புகையிலிருந்து, ஒவ்வொன்றும் நாளைக்கு 450 டன் என்ற அளவில், வாயுவைப் பிடித்து யூரியாவில் சேர்க்கும் அமைப்பை வைத்திருக்கின்றன. நம் மாவட்ட எரிவாயுவைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகும் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதே, அதன் முக்கிய வாடிக்கையாளர்களில் அங்குள்ள உர ஆலையும் ஒன்று.

வயலில் போட்டதும் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி சில நாளில் யூரியாவை உடைத்துவிடும். அந்த 33 கிலோவும் காற்றுக்கே திரும்பும். ஆகவே இது பயன்பாடு, சேமிப்பு அல்ல.

இயற்பியல் ஆசிரியர், இராமநாதபுரம்: வழுதூர் எரிவாயு மின்நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து வழுதூர்ப் புகையை மெத்தனாலாக்கினால் என்ன? பிடிப்பது எப்படி என்பதையும் படிப்படியாகச் சொல்லுங்கள்.

கேள்வி வகுப்பறைக்கு அருமையானது. பதில் கணக்கில் இருக்கிறது.

90 மெகாவாட் அளவிலான ஓர் அலகு நாள் முழுக்க ஓடினால் 21.6 லட்சம் யூனிட் தரும். கழிவு வெப்பத்தில் நீராவி டர்பைனும் ஓடும் எரிவாயு நிலையம் ஆயிரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.42 டன் கரியமில வாயு விடும். ஆக நாளைக்கு 900 டன். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவுக்கு மூன்று மூலக்கூறு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு மெத்தனாலும் ஒரு தண்ணீரும். 900 டன்னுக்கு வேண்டிய ஹைட்ரஜன் 123 டன். கிலோவுக்கு 52 யூனிட் என்றால் 64 லட்சம் யூனிட். கமுதி ஆண்டுச் சராசரியில் நாளைக்கு 30 லட்சம் யூனிட் ஒட்டித் தரும் என்று வைத்தால், இரண்டு கமுதிகள் போதாது. 21.6 லட்சம் யூனிட் செய்தபோது வந்த புகையைச் சரிக்கட்ட 64 லட்சம் யூனிட்! அந்தச் சூரிய மின்சாரத்தை நேரே கம்பியில் விட்டால் பகலில் வழுதூரை அணைத்தே வைக்கலாம். முதலில் செய்ய வேண்டியது அதுதான். எரிவாயு மின்நிலையப் புகையை எரிபொருளாக்குவது, கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரைக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றி மறுபடி இறைப்பது போன்றது.

பிடிக்கும் முறையைச் சொல்கிறோம். அது எந்தப் புகைக்கும் பொருந்தும். கொதிகலனைத் தாண்டி வரும் புகை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தண்ணீர் தூவி 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். பிறகு அது உறிஞ்சு கோபுரத்தின் அடியில் நுழைந்து மேலே ஏறும். மேலிருந்து 30 சதவீத மோனோஎத்தனாலமைன் (சுருக்கமாக ‘அமைன்’; கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும் காரப்பொருள்) கரைசல் வழியும். கோபுரத்துக்குள் மெல்லிய நெளிவு உலோகத் தகடுகளை அடுக்கியிருப்பார்கள்; கரைசல் அவற்றின்மேல் படலமாகப் பரவ, புகை உரசிக்கொண்டே மேலே போகும். கரியமில வாயுவில் ஏறக்குறைய 90 சதவீதம் கரைசலில் ஒட்டிக்கொள்ளும். வாயு நிறைந்த கரைசல் இரண்டாவது கோபுரத்துக்குப் போகும் வழியில், அங்கிருந்து திரும்பும் சூடான கரைசலோடு வெப்பம் மாற்றிக்கொள்ளும். இரண்டாவது கோபுரத்தின் அடியில் நீராவி 120 டிகிரிக்குச் சூடேற்ற, வாயு கழன்று மேலே வரும். குளிர்வித்து நீரைப் பிரித்தால் 99 சதவீதத்துக்கு மேல் தூய வாயு. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 3.6 முதல் 4 கிகா ஜூல் நீராவி வெப்பம் செலவு. இந்தச் செலவே மின்நிலையத்தின் உற்பத்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

எங்கே கெடும்? வழுதூர் போன்ற எரிவாயு டர்பைன் புகையில் கரியமில வாயு 3, 4 சதவீதம்தான். நிலக்கரிப் புகையில் 12 முதல் 14. ஆகவே அதே ஒரு டன்னைப் பிடிக்க மூன்று மடங்கு புகையைக் கோபுரத்துக்குள் தள்ள வேண்டும். கோபுரமும் விசிறியும் அதற்கேற்பப் பெருக்கும். அந்தப் புகையில் ஆக்சிஜன் 13, 14 சதவீதம் இருக்கும்; அது அமைனை மெல்ல மெல்லக் கெடுத்து ஃபார்மிக், ஆக்ஸாலிக் அமிலங்களாக்கும். அவை சூடேற்றினாலும் பிரியாத உப்புகளாகக் கரைசலில் தங்கும். தங்கத் தங்கக் கரைசல் பழுப்பாகும், இரும்பை அரிக்கும். அரித்த இரும்பே அமைன் கெடுவதை இன்னும் விரைவாக்கும். ஒரு டன் வாயுவுக்கு ஒன்றரை இரண்டு கிலோ அமைன் வீணாவது சகஜம். சூடேற்றும் இடத்தில் 122, 123 டிகிரியைத் தாண்ட விட்டால் அமைன் வெப்பத்தாலேயே சிதையும். கரைசலில் எண்ணெயோ தூசியோ சேர்ந்தால் கோபுரத்துக்குள் சோப்பு நுரைபோலப் பொங்கி, கரைசல் புகையோடு மேலே அடித்துக்கொண்டு போகும். நுரையடக்கி ஊற்றுவது அன்றைக்கு மட்டும் உதவும். கரித்தூள் வடிகட்டியைச் சரியாக வைப்பதே மருந்து. நம் கரையில் கூடுதலாக ஒன்று: கடற்காற்றில் வரும் உப்புத் துளி. அது நுழையும் இடங்களில் 304 ரகத் துருவேறா எஃகில் ஊசிமுனைத் துளை விழும். அங்கெல்லாம் குறைந்தது 316 ரகமாவது வேண்டும்.

வாயு கிடைத்தபின் மெத்தனாலாக்குவது இப்படி. வாயுவையும் ஹைட்ரஜனையும் ஒன்றுக்கு மூன்று என்று கலந்து 50 முதல் 80 பார் அழுத்தத்தில், 220 முதல் 260 டிகிரியில், செம்பும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் சேர்ந்த வினையூக்கிக் குருணை வழியே விட வேண்டும். வெப்பம் கூடினால் வேகம் கூடும். ஆனால் மெத்தனாலுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு அதிகமாகும். ஒரு சுற்றில் கால் பங்குகூட மாறாது. விளைந்ததைக் குளிர்வித்து எடுத்துவிட்டு, மாறாத வாயுவைச் சுற்றிச் சுற்றி விட வேண்டும். சுற்றும்போது நைட்ரஜன் போன்ற வினைபுரியாத வாயு சேர்ந்துகொண்டே போகும் என்பதால் சிறு பங்கை வெளியே விடுவார்கள். பிடிக்கும் இடத்தில் தூய்மை குறைந்தால் இங்கே விலைமதிப்புள்ள ஹைட்ரஜன் அதோடு போகும். கந்தகம் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருந்தால் செம்பு செத்துவிடும். வினையில் உண்டாகும் தண்ணீரும் செம்புத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து நாளடைவில் மந்தமாக்கும். புது வினையூக்கியை முதலில் மிக நீர்த்த ஹைட்ரஜனால் மெதுவாகப் பதப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் சூடேறிப் பாழாகும். பதப்படுத்தியபின் காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும்.

எல்லாம் சரியாகப் போனால் 1 டன் மெத்தனாலுக்கு 1.4 டன் வாயு, 190 கிலோ ஹைட்ரஜன், 10,000 யூனிட் மின்சாரம். யூனிட் 4 ரூபாய் என்றால் மின்சாரமே 40,000 ரூபாய். எரிவாயுவிலும் நிலக்கரியிலும் செய்த மெத்தனால் சந்தையில் பொதுவாக அதைவிட மலிவு.

அப்படியானால் யாருமே செய்யவில்லையா? செய்கிறார்கள். ஐஸ்லாந்தில் புவிவெப்ப நிலையத்தின் வாயுவையும் மலிவு மின்சாரத்தையும் கொண்டு 2012-இல் தொடங்கி, பின்னர் ஆண்டுக்கு 4,000 டன் திறனுக்கு விரிவாக்கப்பட்ட ஆலை. சீனாவின் ஆன்யாங்கில் 2022-இல் 1,10,000 டன் திறனுள்ள ஆலை. அதற்கு ஹைட்ரஜன் பக்கத்தில் நிலக்கரியைச் சுடும் கோக் சூளையின் வாயுவிலிருந்து வருகிறது, மின்பகுப்பால் அல்ல. நம் நாட்டில் என்.டி.பி.சி.யின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளைக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பும், 10 டன் மெத்தனால் ஆலையும். முதல் இரண்டிலும் ஹைட்ரஜனுக்கு ஏதோ ஒரு சலுகை இருப்பதைக் கவனியுங்கள்.

வாசகி, திருப்புல்லாணி: குடிக்கவே தண்ணீர் இல்லாத மாவட்டத்தில் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது நியாயமா?

கோபம் நியாயம். கணக்கு கொஞ்சம் வேறு. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தூய நீர். கழிவோடு சேர்த்து 12 முதல் 15 லிட்டர். இதைக் கிணற்றிலிருந்தோ கண்மாயிலிருந்தோ எடுத்தால் எதிர்க்கத்தான் வேண்டும். கடல் நீரை ஆர்.ஓ. முறையில் நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட். 15 லிட்டருக்கு அரைக்கால் யூனிட்கூட ஆகாது. பிளக்க ஆகும் 52 யூனிட்டுக்கு முன் அது தூசு. ஆகவே ‘கடல் நீரை நன்னீராக்கும் செலவு கட்டுப்படியாகாது’ என்று எந்த நிறுவனமாவது நிலத்தடி நீர் கேட்டால் நம்பாதீர்கள்.

உண்மையான சிக்கல் இரண்டு. தண்ணீரைப் பிளக்கும் கருவியான எலக்ட்ரோலைசரைக் குளிர்விக்கும் நீர், பிளக்கும் நீரைவிட அதிகமாகலாம். காற்றால் குளிர்விக்கும்படி கேட்க வேண்டும். அடுத்தது, ஆர்.ஓ. கழித்துவிடும் உப்பு நீர். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் அதைக் கொட்டுவது தவறு. கழிவு நீரின் உப்பு கடல் நீரைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும்; அதை உப்பளத்துக்கு விட்டால் பாத்திக்காரர்களுக்கு ஆவியாக்கும் நாட்கள் குறையும்.

உப்பள உற்பத்தியாளர், வாலிநோக்கம்: எங்கள் உப்பும் கரியமில வாயுவும் சேர்ந்து சோடா உப்பு ஆகிறதாமே. எங்களுக்கு என்ன லாபம்? இன்னொன்று: உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் நிறைய இருக்கிறது. அதில் புகையை விட்டால் மெக்னீசியம் கார்பனேட் கிடைக்குமா?

எங்களைக் கேட்டால், இந்தக் கடற்கரைக்கு மிகப் பொருத்தமான கேள்வி இதுதான். ஹைட்ரஜன் தேவையில்லாத வழி இது.

உப்புக் கரைசலில் அம்மோனியாவைக் கரைத்து, கரியமில வாயுவை அடியிலிருந்து விட்டால், சோடியம் பைகார்பனேட் படிகமாக விழும். அதைச் சுட்டால் நீங்கள் சொல்லும் சோடா உப்பு, அதாவது சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்). பாதி வாயு திரும்ப வரும், அதை மறுபடி கோபுரத்துக்கே அனுப்பலாம். மிஞ்சிய கரைசலிலிருந்து அம்மோனியம் குளோரைடு உரம் எடுக்கலாம். தூத்துக்குடி அல்கலி ஆலையில் 2016-இன் இறுதியிலிருந்து, நிலக்கரிக் கொதிகலன் புகையில் ஆண்டுக்கு 60,000 டன் வரை வாயுவைப் பிடித்து இதற்குக் கொடுக்கும் அமைப்பு வந்தது. தொழில்நுட்பம் இரண்டு இந்திய இளைஞர்கள் தொடங்கிய நிறுவனத்துடையது. அரசு மானியம் இல்லாமல் அமைந்தது என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. 1 டன் சோடா சாம்பலுக்குக் கணக்குப்படி 1.1 டன் உப்பு, 415 கிலோ வாயு. நடைமுறையில் இரண்டும் கூடும்.

ஒரு சிறு குத்தல்: சோடா சாம்பலைக் கண்ணாடி உலையில் போட்டால் அந்த வாயு மறுபடி வெளியேதான் வரும். அதற்காக இதை ஒதுக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு அதே வாயுவைப் புதிதாக உண்டாக்குவது மிச்சமாகிறது.

உங்கள் லாபம் உப்பின் சுத்தத்தில் இருக்கிறது. சோடா கோபுரத்துக்குக் கால்சியமும் மெக்னீசியமும் எமன். கோபுரத் தட்டுகளில் கல்லாகப் படிந்து அடைக்கும். சுத்தம் செய்ய ஆலையை நிறுத்த வேண்டும் என்பதால் விலையில் கழிப்பார்கள். கால்சியம், ஜிப்சமாக 25 டிகிரிக்கு (இது வெப்பமல்ல, நீரின் உப்படர்த்தியைக் காட்டும் போமே டிகிரி) முன்பே பெரும்பகுதி விழுந்துவிடும். ஆகவே 25 டிகிரி வராத நீரைப் படிகப் பாத்திக்குள் விடாதீர்கள். 29 டிகிரியைத் தாண்டினால் மெக்னீசிய உப்புகள் உப்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்குள் கசப்பு நீரை வடித்துவிடுங்கள். வாரிய உப்பை, நிறை உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவிக் குவித்து வடியவிட்டால் மெக்னீசியத்தில் பெரும்பகுதி போய்விடும். நன்னீரால் கழுவினால் உப்பே கரைந்து போகும்.

கசப்பு நீருக்கு வருவோம். அதில் வெறும் புகையை விட்டால் ஒன்றும் விழாது. இதைத் திட்ட அறிக்கைகளில்கூடத் தவறாக எழுதுகிறார்கள். கரியமில வாயு கரைந்தால் நீர் அமிலமாகும். அமிலத்தில் கார்பனேட் தங்காது, கரையும். காரம் சேர்த்தால்தான் விழும்: 1 கிலோ வாயுவுக்கு 1.8 கிலோ காஸ்டிக் சோடா. அதைச் செய்ய டன்னுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். கூடவே கிட்டத்தட்ட அதே எடைக்குக் குளோரினும் வந்து நிற்கும். குளோரினுக்கு வாங்குபவர் பக்கத்தில் இல்லாமல் வாலிநோக்கத்தில் அந்த ஆலையை நினைக்கவே வேண்டாம்.

கரிமூட்டம் போடுபவர், முதுகுளத்தூர்: சீமைக்கருவேல் மூட்டத்தில் எவ்வளவு புகை வருகிறது! அதைப் பிடித்து விற்க முடியுமா?

கடற்கரைக்காரர் இல்லையென்றாலும் உங்கள் கேள்வியை விட மனமில்லை. மூட்டப் புகையில் கரியமில வாயு மட்டுமில்லை. கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், தார், புளிப்பு நீர் எல்லாம் காற்றோடு கலந்து வரும். எந்த அமைன் கரைசலும் ஒரே நாளில் தாராகிவிடும். அதைப் பிடிக்க வேண்டாம், எரியுங்கள்: இரும்பு ரிடார்ட் கலனில் விறகை மூடி வைத்து, வெளிவரும் வாயுவைக் குழாயால் அதன் அடியிலேயே கொண்டுவந்து கொளுத்தினால் அந்தச் சூடே அடுத்த விறகைக் கரியாக்கும். மண் மூட்டத்தில் காய்ந்த விறகு எடையில் 15 முதல் 25 சதவீதம் கரி. நல்ல ரிடார்ட்டில் 30 வரை வரும். ஈர விறகு போட்டால் இரண்டிலும் நஷ்டம்தான்.

நீங்கள் விற்கும் கரியே பிடித்த கார்பன். மரம் காற்றிலிருந்து இழுத்தது. 1 கிலோ கரியில் முக்கால் பங்கு கார்பன், அது 2.75 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அடுப்பில் எரித்தால் திரும்பிப் போகும். வயலில் தூளாகப் புதைத்தால் பெரும்பகுதி பல தலைமுறைக்கு மண்ணிலேயே கிடக்கும். மேலும், 850 டிகிரிக்கு மேல் சிவந்த கரியின்மேல் கரியமில வாயுவை விட்டால் கார்பன் மோனாக்சைடாக மாறும். அதிலிருந்து மெத்தனால் செய்ய மூன்றுக்குப் பதில் இரண்டு பங்கு ஹைட்ரஜன் போதும். ஆனால் மோனாக்சைடு வாசனையற்ற விஷம். கொட்டகைக்குள் முயலக் கூடாது.

ஹாலோ பிளாக் தயாரிப்பாளர், தேவிபட்டினம்: கல்லை நனைக்க லாரித் தண்ணீர் வாங்குகிறோம். கரியமில வாயுவால் கியூரிங் செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம். அச்சிலிருந்து எடுத்த கல்லைச் சில மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, காற்றுப் புகாத அறையில் அடுக்கி வாயுவை விட்டால், சிமென்டிலுள்ள கால்சியம் அதை விழுங்கிச் சுண்ணாம்புக்கல்லாகும். ஒரே நாளில் வலு ஏறும். பல நாள் நனைக்கும் நீர் பெருமளவு மிச்சம். இங்கே வாயு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. கல் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் துளைகள் அடைபட்டு வாயு உள்ளே போகாது; எலும்பாகக் காய்ந்தாலும் வினை நடக்காது. அளவு பிடிபடச் சில அடுக்குகள் வீணாகும்.

கம்பி போட்ட லிண்டல், தூண், சிலாப் எதையும் இப்படிப் பதப்படுத்தாதீர்கள். வாயு ஏறிய கான்கிரீட்டில் காரத்தன்மை போய்விடும். கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரம்தான். உப்புக்காற்றடிக்கும் ஊரில் கம்பி சீக்கிரம் வெடித்துக்கொண்டு வெளியே வரும். சிலிண்டர் வாயு விலைக்கு வாங்கிச் செய்தால் கட்டுப்படியாவது கடினம். பக்கத்தில் வாயு கிடைத்தால்தான் பேச்சு. இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அறைக் காற்றில் 4 சதவீதம் இருந்தாலே உயிராபத்து. கதவைத் திறந்து மின்விசிறி போட்டபின், மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஆள் நுழைய வேண்டும்.

பாசி வளர்ப்பு மகளிர் குழு, மண்டபம்: எங்கள் மிதவைக்கு அடியில் கரியமில வாயுவை விட்டால் பாசி வேகமாக வளருமா? கார்பன் பணம் கிடைக்குமா?

விடாதீர்கள், அக்கா தங்கையரே. திறந்த கடலில் குமிழி மேலே வந்து காற்றோடு போய்விடும். கரைந்த கொஞ்சமும் நீரைப் புளிக்கச் செய்து பக்கத்துப் பவளப் பாறையைத்தான் பாதிக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பணக் கணக்கும் சிறியது: ஒரு மிதவையில் 45 நாளில் 200 கிலோ ஈரப் பாசி என்று வைத்தால் காய்ந்தபின் 20 கிலோ, அதில் கார்பன் கால் பங்கு, ஏறக்குறைய 18 கிலோ கரியமில வாயு. அதுவும் கேராஜீனன் என்ற கூழ்ப்பொருளாகி உணவில் சேர்ந்து விரைவில் திரும்பிப் போகும். பாசியை நன்கு உலர்த்தி, மணலும் கயிறும் இல்லாமல் கொடுப்பதில் கிடைக்கும் கூடுதல் விலை இதைவிடப் பெரிது.

அறிவியல் ஆசிரியை, சாயல்குடி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘பிடித்து மாற்றுவதை’த் தாங்களே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்லுங்கள். சிலிண்டர், ஆபத்தான பொருள் எதுவும் கூடாது.

உங்கள் ஊர்க் கருப்பட்டி போதும். 100 கிராம் கருப்பட்டியை 500 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் சேர்த்து 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுங்கள். மூடியில் துளையிட்டு மீன்தொட்டிக் குழாயைச் செருகி எம்-சீலால் அடையுங்கள். குழாய் முதலில் ஒரு காலி பாட்டிலுக்குப் போகட்டும்; நுரை பொங்கினால் அங்கேயே தங்கும். அங்கிருந்து இன்னொரு குழாய், ஒடுக்கமான உயர்ந்த கண்ணாடிப் பாட்டிலின் அடிவரை.

கடைச் சலவைச் சோடாவில் எவ்வளவு நீர் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரும்பு வாணலியில் வறுத்துப் பொடியாக்கி 25 கிராம் எடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அரிக்கும். 100 மில்லி வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் பாறையாக இறுகும். ஆறியபின் குழாயை அதில் விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

இரண்டு மூன்று நாளில் அடியில் வெள்ளைப் பொடி இறங்கும். அதுதான் சமையல் சோடா. கார்பனேட்டைவிட அது நீரில் குறைவாகக் கரையும் என்பதால் தானே பிரிகிறது. கணக்குப்படி 28 கிராம் வரை வரலாம். பாதி வந்தாலே நன்று. துணியில் வடித்து, ஐஸ் நீரால் ஒரேயொரு முறை அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயல்குடி வெயிலில் தகரத்தின்மேல் வைத்தால் பிடித்த வாயு மெல்லக் கழன்றுவிடும்.

பொடி விழவில்லை என்றால் பெரும்பாலும் மூடியில்தான் கசிவு. சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குழாய் வாயில் பொடி கட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு, தினம் தட்டிவிடுங்கள். அடைத்தபடியே விட்டால் கருப்பட்டிப் பாட்டில் உப்பி வெடிக்கும். எலுமிச்சைச் சாறு விட்டுச் சோதிக்காதீர்கள். சலவைச் சோடாவும் நுரைக்கும், சமையல் சோடாவும் நுரைக்கும். ஃபீனால்ஃப்தலீன் சொட்டு விடுங்கள்: சலவைச் சோடா அடர்ந்த இளஞ்சிவப்பாகும், உங்கள் பொடி நிறமேறாமலோ வெளிறியோ இருக்கும். பிறகு உலர்ந்த பொடியைச் சோதனைக்குழாயில் சூடாக்கி, வரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போலாகும். அடுப்பை அணைக்கும் முன் குழாயைச் சுண்ணாம்பு நீரிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீர் பின்னோக்கி ஏறிச் சூடான கண்ணாடியை உடைக்கும். புளித்த கருப்பட்டி நீரில் சாராயம் இருக்கும். பிள்ளைகள் வாயில் வைக்கும் முன் நீங்களே சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.